விலையில் தோற்றவன் எதில் நிற்பது? கைக்கடிகாரங்களின் வரலாறு தரும் வணிகப் பாடம்



பருப்பும் புளியும் விற்கும் நமக்கும் லட்ச ரூபாய் கைக்கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வாட்சும் மணி காட்டுகிறது. பல லட்சம் விலையுள்ள ரோலெக்ஸும் மணி காட்டுகிறது. உண்மையைச் சொன்னால், பேட்டரியில் ஓடும் ஐந்நூறு ரூபாய் வாட்சே பெரும்பாலும் அதிகத் துல்லியமாக ஓடும். அப்படியிருக்க, விலையில் இத்தனை வேறுபாடு ஏன்? பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் குறைவு என்றால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுகிறார் என்று அன்றாடம் வருந்துகிற நாம், அதிக விலை சொல்லியும் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கும் ஒரு சரக்கின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பாடத்தில் மூன்று செய்திகளைப் பார்ப்போம். ஒரு பெயர் எப்படி மதிப்புப் பெறுகிறது? மதிப்புப் பெற்ற பெயர் எப்படி மறைகிறது? விலையில் போட்டியிட முடியாதவன் எதை நம்பி நிற்பது?

மதராஸ் நேரம்

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குவோம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினார்கள். அங்கே விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரமே ‘மதராஸ் நேரம்’ எனப்பட்டது. இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் அந்த நேரத்தைக் கொண்டுதான் ஓடின. 1906 ஜனவரி முதல் தேதி இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தபோது, மதராஸ் நேரம் வைத்திருந்த கடிகாரங்களை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது.

அக்காலத்தில் கடிகாரம் என்றால் மவுண்ட் ரோடு பி.ஓர் அண்டு சன்ஸ் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர் ஓர் என்ற கடிகார வல்லுநரின் பெயரால் வளர்ந்த கடை அது. கடிகாரம் விற்பதோடு பழுதும் பார்த்தார்கள். அதனால்தான் பெயர் நிலைத்தது. விற்ற சரக்குக்குப் பின்னாலும் கடைக்காரன் நிற்க வேண்டும் என்பது கடிகார வணிகத்தின் முதல் விதி. விற்ற மறுநாளே ஓடாமல் நின்றால் வாங்கியவர் கடைக்குத்தான் வருவார். செய்த கம்பெனியைத் தேடிப் போக மாட்டார்.

பனிக்கால உழவர்கள்

விலையுயர்ந்த கடிகாரம் என்றாலே சுவிட்சர்லாந்து என்கிறோம். அந்நாட்டில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் கால்வின் என்ற சமயத் தலைவரின் கட்டுப்பாட்டால் நகை அணிவது தடைப்பட்டது. பிழைப்பு இழந்த பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள். பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த கைவினைஞர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். பின்னர் ஜூரா மலைப்பகுதி உழவர்கள், பனி மூடி வயல் வேலை இல்லாத மாதங்களில் வீட்டிலேயே சிறு சிறு பாகங்களைச் செய்து கொடுத்தார்கள். வாஷரான் 1755-இலும், பட்டேக் 1839-இலும் தொடங்கிய பெயர்கள். ஒரு கதவு அடைபட்டபோது கைத்தொழிலை வேறு சரக்குக்குத் திருப்பியவர்களின் வாரிசுகள்தாம் இன்றைய சுவிஸ் கடிகாரக்காரர்கள்.

அன்றைய கடிகாரங்கள் சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்தவை. கையில் கட்டுவது பெண்களின் அணிகலன் என்று ஆண்கள் ஒதுக்கினார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்க்குப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க நேரமில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியபோது ஆண்களின் மணிக்கட்டுக்கும் கடிகாரம் வந்துவிட்டது.

ஒரு வியாபாரியின் பெயர்

ரோலெக்ஸைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் கடிகாரம் செய்யும் கைவினைஞர் அல்லர். நம்மைப் போல ஒரு வியாபாரி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1905-இல் லண்டனில் கூட்டாளி ஒருவரோடு கடை தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து உள் எந்திரத்தை வரவழைத்து, கூட்டில் பொருத்தி, நகைக்கடைகளுக்கு மொத்தமாக விற்றார். அந்நாளில் கடிகாரத்தின் முகப்பில் விற்கும் நகைக்கடையின் பெயர்தான் இருக்கும். செய்தவர் பெயரும் மொத்த வியாபாரி பெயரும் வெளியே தெரியாது.

வில்ஸ்டார்ஃபுக்கு இது உறுத்தியது. சின்னதாக, எந்த மொழிக்காரரும் எளிதாக உச்சரிக்கும்படி ‘ரோலெக்ஸ்’ என்று ஒரு பெயரை 1908-இல் பதிவு செய்தார். எல்லாக் கடிகாரத்திலும் அந்தப் பெயரைப் போட்டால் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே ஆறு கடிகாரம் கொண்ட பெட்டியில் ஒன்றில் மட்டும் போட்டார். எதிர்ப்பு அடங்கியதும் இரண்டில், பிறகு மூன்றில் என்று மெல்ல மெல்ல ஏற்றினார். கடைசியில் வாடிக்கையாளரே வந்து அந்தப் பெயரைக் கேட்கும் நிலையைக் கொண்டுவந்தார்.

பெயர் எழுதினால் மட்டும் மதிப்பு வந்துவிடாது. கைக்கடிகாரம் சிறியது, சரியாக ஓடாது என்பதே அன்றைய எண்ணம். வில்ஸ்டார்ஃப் தம் சரக்கைத் தாமே புகழ்ந்துகொள்ளவில்லை. வேறொருவரிடம் சோதனைக்குக் கொடுத்தார். 1914-இல் இங்கிலாந்தின் கியூ வானாய்வுக் கூடம் ஒரு ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தைப் பலவித நிலைகளிலும், குளிரிலும் வெப்பத்திலும் 45 நாட்கள் வைத்துப் பார்த்து முதல்தரச் சான்றிதழ் வழங்கியது. கப்பல் கடிகாரத்துக்குக் கொடுக்கும் சான்று அது. 1926-இல் தண்ணீர் புகாத ‘ஆய்ஸ்டர்’ கடிகாரத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் குளிர்ந்த நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது அந்தக் கடிகாரத்தை அவர் உடன் வைத்திருந்தார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வில்ஸ்டார்ஃப் அதைச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் முழு விளம்பரமாகப் போட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு என் கடைத் தராசு நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அம்மாள், “சர்க்கரை இருபது கிராம் குறையுதே அண்ணாச்சி” என்றார். நான் மறு எடை போடவில்லை. “தராசு சரியாத்தான் இருக்கும்மா” என்று வாதாடினேன். மாலையில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த அம்மாள் மறுபடி வரவில்லை. அவர் தெருவிலிருந்து வந்த நான்கைந்து குடும்பங்களும் வரவில்லை. இருபது கிராம் சர்க்கரையின் விலை ஒரு ரூபாய் இருக்கலாம். நான் இழந்தது அதுவன்று.

இந்தியாவில் பிறந்த யோசனை

விலையுயர்ந்த கடிகாரங்களில் ஜேகர் லெகூல்தர் நிறுவனத்தின் ‘ரிவர்சோ’ புகழ்பெற்றது. அதன் கதை இந்தியாவில் தொடங்குகிறது. இங்கே போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி, மட்டை பட்டு உடைந்துகொண்டே இருந்தது. 1930 வாக்கில் இந்தியா வந்த சீசர் டி ட்ரே என்ற வணிகரிடம் அவர்கள் இதைச் சொன்னார்கள். அவர் திரும்பிப்போய் ஏற்பாடு செய்ததன் பேரில், கடிகாரத்தின் முகத்தை அப்படியே உள்பக்கமாகத் திருப்பி வைக்கும் கூட்டை ஒருவர் வடிவமைத்தார். 1931-இல் காப்புரிமை பதிவாயிற்று. அந்தக் கடிகாரம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வாடிக்கையாளரின் குறையைத் தொந்தரவாக எண்ணாமல் காது கொடுத்துக் கேட்ட வணிகனுக்கு அது சரக்காக மாறியது.

பதினேழு கல் வாட்ச்

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுக் கடிகார இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 1865-இலேயே இந்தியாவுக்கு வந்து விற்பனை செய்த ஃபாவ்ரே லூபா போன்ற சுவிஸ் பெயர்களும் மெல்ல மங்கின. வெளிநாட்டு வாட்ச் வேண்டும் என்றவர்கள் கடத்தல் சரக்கைத் தேடிப் போனார்கள்.

அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்று வந்த பெயர்கள் நம் வீடுகளில் புழங்கிய பெயர்கள். பரீட்சையில் தேறிய பையனுக்கு எச்.எம்.டி.; மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி.; ஓய்வு பெறுபவருக்கு எச்.எம்.டி. என் தகப்பனார் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, பிறகு தம் ஜனதா வாட்சுக்குச் சாவி கொடுப்பார். அதற்குப் பின்தான் முதல் வியாபாரம்.

முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருக்கும். உள்ளே பதினேழு மாணிக்கக் கல் இருக்கிறது, அதுதான் விலை என்று பலர் நினைத்தார்கள். கல் இருப்பது உண்மை. ஆனால் அது செயற்கையாகச் செய்த மாணிக்கம். பெரிய விலை கிடையாது. சக்கரத்தின் அச்சு உலோகத்தில் உரசித் தேயாமல் வழவழப்பாகச் சுழல அந்தக் கல்லில் பொருத்துகிறார்கள். சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசையைச் சிறிது சிறிதாக விடுவித்து, ஒரு சிறு சக்கரம் நொடிக்கு ஐந்து முறை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அதுவே நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை. ஒரு நாளைக்குச் சில வினாடிகள் முன்பின் ஆவது இதில் இயல்பு.

குவார்ட்ஸ் என்ற புயல்

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்ற கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறு காரின் விலை. சுருள்வில் இல்லை, ஆடும் சக்கரம் இல்லை. பேட்டரியின் மின்சாரம் பட்டால் குவார்ட்ஸ் என்ற படிகம் மாறாத வேகத்தில் அதிரும். அந்த அதிர்வை எண்ணி முள் நகரும். இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளில் அந்த அதிர்வு நொடிக்கு 32,768 முறை. சாவி வேண்டாம், துல்லியமோ பல மடங்கு. சில ஆண்டுகளில் விலை மளமளவென்று இறங்கிவிட்டது.

சுவிஸ் நாடு ஆடிப்போனது. 1970-இல் அங்கே கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980-களின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பழைய பெயர்கள் பல கடன்காரர் கைக்குப் போயின.

அவர்கள் மீண்டது இரண்டு வழிகளில். ஒன்று, 1983-இல் வந்த ‘ஸ்வாட்ச்’. தொண்ணூறுக்கு மேற்பட்ட பாகங்களை 51 பாகங்களாகக் குறைத்து, பல வண்ணப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவான குவார்ட்ஸ் வாட்ச் அது. மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. துல்லியத்திலும் விலையிலும் ஜப்பானை வெல்ல முடியாது என்று ஒப்புக்கொண்ட பழைய கம்பெனிகள், வெல்ல முடிந்த இடத்தைத் தேடின. கையால் செய்த நேர்த்தி, ஐம்பது ஆண்டு கழித்தும் பழுது பார்த்துத் தரும் உறுதி, தகப்பன் கட்டியதை மகன் கட்டும் பெருமை ஆகியவற்றையே சரக்காக்கின. 1969-இல் நிலவில் மனிதனோடு நடந்த ‘ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்’ சாவி கொடுக்கும் வாட்ச்தான் என்பதை இன்றுவரை சொல்லி விற்கிறார்கள். பழைய முறை பழசாகிப் போகவில்லை, பரம்பரை ஆகிவிட்டது.

ஓசூரில் உதித்தது

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சரக்கு லாரி அனுப்புகிறவர்களுக்கு ஓசூர் தெரிந்த ஊர். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் டைட்டன் வாட்ச் கம்பெனியைத் தொடங்கி, அங்கேதான் தொழிற்சாலை அமைத்தன. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரண்டின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தே ‘டைட்டன்’ என்ற பெயர் உருவாயிற்று. ஓசூர் வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று அந்த நுண்ணிய வேலையைக் கற்றார்கள்.

எச்.எம்.டி.க்குக் குவார்ட்ஸ் தெரியாமல் இல்லை. இந்தியாவில் குவார்ட்ஸ் கடிகாரத்தை முதலில் கொண்டுவந்ததே, 1981-இல், எச்.எம்.டி.தான். ஆனால் சாவி கொடுக்கும் வாட்சுக்கே மக்கள் காத்திருக்கிறார்களே என்ற தெம்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டைட்டனை நடத்திய செர்க்சஸ் தேசாய் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ்தான் என்று முடிவு செய்தார். விதவிதமான வடிவங்கள், வெளிச்சமான ஷோரூம், பேரம் இல்லாத விலை, அங்கேயே பழுது பார்க்கும் வசதி, மொசார்ட் இசையோடு தொலைக்காட்சி விளம்பரம் என்று வந்தார்கள். மணி பார்க்க ஒரே ஒரு வாட்ச் என்று இருந்த மக்கள், பரிசு கொடுக்கவும் சேலைக்குப் பொருத்தமாகக் கட்டவும் வாட்ச் வாங்கினார்கள். 2002-இல் வந்த ‘டைட்டன் எட்ஜ்’ மொத்தமே மூன்றரை மில்லிமீட்டர் தடிமன். உள் எந்திரம் 1.15 மில்லிமீட்டர். 1737-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் சுவிஸ் பெயரான ஃபாவ்ரே லூபாவையே 2011-இல் டைட்டன் விலைக்கு வாங்கிச் சில காலம் வைத்திருந்தது.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. செய்தி வந்ததும் பழைய ஜனதாவையும் பைலட்டையும் தேடி வாங்க இளைஞர்கள் கிளம்பினார்கள். சுவிஸ்காரர்கள் விற்ற அதே பரம்பரைப் பெருமை எச்.எம்.டி.யின் கையிலும் இருந்தது. கடை திறந்திருந்தபோது அதை யாரும் எடுத்து விற்கவில்லை.

நம் கடைக்கு என்ன?

இன்று நம் பகுதியில் தெருவுக்குத் தெரு குளிரூட்டிய அங்காடி வந்துவிட்டது. செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் சாமான் வீடு தேடி வருகிறது. விலையில் அவர்களோடு போட்டியிட்டுப் பார்த்தோம், முடியவில்லை. நமக்கு வந்திருப்பது நம் குவார்ட்ஸ் புயல். எச்.எம்.டி.யைப் போல ‘நம் பழைய வாடிக்கை எங்கே போய்விடும்’ என்று இருப்பதா, சுவிஸ்காரர்களைப் போல எதில் நிற்பது என்று முடிவு செய்வதா?

1. அளவை வெளியே காட்டுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைப்பது சட்டம். முத்திரைச் சான்றை வாடிக்கையாளர் பார்வையில் மாட்டுங்கள். எடை காட்டும் பக்கம் அவரை நோக்கி இருக்கட்டும். கியூ வானாய்வுக் கூடம் ரோலெக்ஸுக்குச் செய்ததை முத்திரை ஆய்வாளர் நமக்குச் செய்கிறார்.

2. பெயரைப் போடுங்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ செங்குன்றத்திலோ பார்த்துப் பார்த்து வாங்கி, புடைத்துச் சுத்தம் செய்த பருப்பையும் அரிசியையும் பெயரில்லாப் பொட்டலத்தில் ஏன் கொடுக்க வேண்டும்? வில்ஸ்டார்ஃபைப் போல ஒரே ஒரு சரக்கில் தொடங்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் பெற்று, பொட்டலப் பொருள் விதிகளின்படி பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை ஆகிய விவரங்களை அச்சிட வேண்டும். பெயர் போட்ட பிறகு தரம் இறங்கினால் பெயர் நமக்கே பகை என்பதையும் மறக்க வேண்டாம்.

3. விற்ற பின்னும் நில்லுங்கள். வண்டு விழுந்த ரவையைத் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். நான் அந்த அம்மாளிடம் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

4. குறையைக் கேளுங்கள். ‘இது உங்க கடையில இல்லையே’ என்று வாடிக்கையாளர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் அதைப் படித்துப் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள்.

5. புதியதை ஒதுக்காதீர்கள். போனில் ஆர்டர் எடுப்பதும், பையனை அனுப்பி வீட்டில் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. நம் அப்பா காலத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கையில் இருந்த குவார்ட்ஸை எச்.எம்.டி. தள்ளிவைத்தது போல நாமும் தள்ளிவைக்க வேண்டாம்.

என் தகப்பனாரின் ஜனதா வாட்ச் இன்றும் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. நாளைக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. மணி பார்ப்பது செல்போனில்தான். ஆனாலும் அதை விலைக்குக் கேட்ட ஒரு தம்பிக்கு நான் கொடுக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. உங்கள் கடையில் விலைக்காக வருபவர் எத்தனை பேர்? உங்களுக்காக வருபவர் எத்தனை பேர்?

2. கடைசியாக எந்த வாடிக்கையாளரை இழந்தீர்கள்? காரணத்தை அவரிடமே கேட்டீர்களா?

3. உங்கள் கடைப் பெயரைத் துணிந்து அச்சிடக்கூடிய ஒரு சரக்கு எது?

4. குவார்ட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே எச்.எம்.டி. பின்தங்கியது. அப்படி உங்கள் கையில் இருந்தும் நீங்கள் பயன்படுத்தாத வசதி எது?